நன்றாகத்தானே தெரிகிறது, எதற்குச் சொட்டு மருந்து?

கேள்வி:

எனக்கு வயது 61. ஊர் கானாடுகாத்தான். கண்ணாடி மாற்றலாம் என்று போன மாதம் கண் முகாமுக்குப் போனேன். கண் பிரஷர் வலது 26, இடது 24 என்று சொல்லி மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு கிண்ணம் மாதிரியான பெட்டிக்குள் பார்த்துக்கொண்டு, லைட் தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நான் பயத்தில் மாற்றி மாற்றி அமுக்கிவிட்டேன். கிளாக்கோமா ஆரம்பம், ஆயுள் முழுக்கச் சொட்டு மருந்து போட வேண்டும், இல்லாவிட்டால் லேசர் என்கிறார்கள். எனக்கு வலியில்லை, மங்கலில்லை, கண்ணாடி போட்டால் ஊசியில் நூல் கோத்துவிடுவேன். எங்கள் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, எழுபது வயதுக்குமேல் இரண்டு கண்ணும் போய்விட்டது, 'நரம்பு வற்றிவிட்டது' என்றார்கள். அதற்கு முன்னால் நிலைப்படியில் இடறுவார், காலடியில் வைத்த செம்பைத் தட்டிவிடுவார். ஆனால் முகப்பில் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். கவனமே இல்லை என்று ஆத்தா கடிந்துகொள்வார்கள். சிங்கப்பூரில் இருக்கும் மகன், 'இப்போது லேசர்தான் முதல் வைத்தியமாம், வைட்டமின் பி3 என்று புது ஆராய்ச்சி வந்திருக்கிறது, ஸ்டெம் செல்லும் வரப்போகிறது, நான் தை மாதம் வந்துவிடுகிறேன், அதுவரை பொறுங்கள்' என்கிறான். எனக்கு வீசிங் உண்டு. கண் அரித்தால் மெடிக்கலில் ஒரு சொட்டு வாங்கிப் போடுவேன். பொறுக்கலாமா? ரிப்போர்ட் நகல்களை அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

ஆச்சி, தை மாதம் வரை பொறுக்க வேண்டாம். வைத்தியத்தை இந்த வாரமே தொடங்குங்கள். சொட்டா, லேசரா என்பதை மகனோடு போனில் பேசியே முடிவு செய்யலாம். உங்கள் கண்ணை நான் நேரில் பார்க்கவில்லை, தாள்களைத்தான் பார்த்தேன். ஆனால் அந்தத் தாள்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற விதம்தான் என்னை இப்படி உறுதியாக எழுத வைக்கிறது.

கிளாக்கோமா என்பது, பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் கூடுவதால், பார்வையை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு மெல்லத் தேய்கிற நோய். பிரஷரிலிருந்து ஆரம்பிக்கிறேன். கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் ஊறிக்கொண்டே இருக்கும். வெளியே வழிகிற கண்ணீர் வேறு, இது வேறு. உங்கள் வீட்டு வளவில் விழுகிற மழைத்தண்ணீர் மூலைத் துளை வழியாக வெளியேறுவதுபோல, இந்த நீரும் கண்ணின் முன்பக்கத்து ஒளிபுகும் படலமான கருவிழியின் ஓரத்தில் இருக்கும் சல்லடை போன்ற திசு வழியாக வடிந்துவிடும். அந்தச் சல்லடை அடைபட அடைபட உள்ளே அழுத்தம் ஏறும். 10 முதல் 21 வரை சாதாரணம் என்பது வழக்கமான கணக்கு.

26 என்றவுடனே நோய் என்று அர்த்தமில்லை. அமெரிக்காவில் 1636 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது, முடிவுகள் 2002இல் வந்தன. எல்லாருக்கும் அழுத்தம் மட்டும் கூடுதலாக இருந்தது, நரம்பில் பழுது இல்லை. சொட்டு மருந்து போடாதவர்களில்கூட 5 வருடத்தில் கிளாக்கோமா வந்தது 100க்கு 9.5 பேருக்குத்தான். மருந்து போட்டவர்களில் அது 4.4 ஆகக் குறைந்தது. அதனால் பிரஷர் மட்டும் கூடுதலாக இருந்து மற்றதெல்லாம் சரியாக இருந்தால், 'கொஞ்ச நாள் பார்க்கலாம்' என்று நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. கருவிழி மெல்லியதாக இருப்பவர்களுக்கு ஆபத்து அதிகம். உங்கள் கருவிழியின் தடிமன் 498 மைக்ரான் என்று இருக்கிறது. நம் ஊர்க்காரர்களின் சராசரி 510, 520ஐ ஒட்டி இருக்கும். கருவிழி மெல்லியதாக இருந்தால் கருவி அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும். ஆக உங்கள் 26 உண்மையில் 26ஐவிடச் சற்று கூடுதலாகவே இருக்கலாம்.

சரி, அடுத்த தாளுக்கு வருவோம். வலது கண் நரம்பின் நடுக்குழி 0.7, அதாவது நரம்பு முகத்தின் அகலத்தில் பத்தில் ஏழு பங்கு, என்று எழுதியிருக்கிறார்கள். நரம்பு இழைகள் அழிய அழிய அந்தக் குழி அகலமாகும். ஸ்கேனில் வலது கண் நரம்பின் கீழ்ப்பக்கம் சிவப்பாக இருக்கிறது பாருங்கள், அங்கே இழைகள் மெலிந்துவிட்டன என்று பொருள். கண்ணுக்குள் காட்சி தலைகீழாக விழுவதால், கீழ்ப்பக்க இழைகள் மேலே இருக்கிற காட்சியைத்தான் மூளைக்குக் கொண்டுபோகும். நீங்கள் பொத்தான் அமுக்கிய பரிசோதனையின் தாளில், வலது கண்ணுக்கு மேலே, மூக்குப் பக்கமாக ஒரு கறுப்புத் திட்டு இருக்கிறது. கீழே மெலிவு, மேலே திட்டு. பயத்தில் மாற்றி மாற்றி அமுக்கியிருந்தால் திட்டுகள் கண்டபடி சிதறிக் கிடக்கும், இப்படி ஸ்கேன் சொன்ன இடத்திலேயே வந்து உட்காராது. முதல் தடவை இந்தப் பரிசோதனை பலருக்கும் சரியாக வராது என்பதும் உண்மைதான். இரண்டு, மூன்று மாதத்தில் மறுபடி எடுப்பார்கள். காலை நேரத்தில், தூக்கம் கெடாமல், பசியில்லாமல் போய் உட்காருங்கள். எல்லா வெளிச்சத்தையும் பிடித்துவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளிச்சத்தில் சுமார் பாதி தெரியாத அளவுக்கு மங்கலாகவே காட்டுவார்கள், கருவி அப்படித்தான் வேலை செய்கிறது.

இனி, 'ஊசியில் நூல் கோத்துவிடுவேன்' என்று எழுதினீர்களே, அதைப் பற்றி. ஒரு கண் நரம்பில் சுமார் 10 முதல் 12 லட்சம் இழைகள் இருக்கின்றன. கிளாக்கோமா ஓரத்துப் பார்வையை முதலில் எடுக்கும், நட்டநடுப் பார்வையைக் கடைசியில்தான் தொடும். நூல் கோப்பதும் பேப்பர் படிப்பதும் நடுப்பார்வையின் வேலை. அதோடு ஒரு கண்ணில் விட்டுப்போனதை மற்றக் கண் நிரப்பிவிடும். இப்போது உங்களுக்கு எந்தக் குறையும் தெரியாததற்கு அதுதான் காரணம்.

உங்கள் அப்பச்சியைப் பற்றி நீங்கள் எழுதிய நான்கு வரியை நான் மூன்று தடவை படித்தேன். தெருவில் போகிறவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர், காலடிச் செம்பைத் தட்டிவிட்டார். நடுப்பார்வை தெளிவாக இருந்தது, கீழ்ப்பார்வை போய்விட்டது. செட்டிநாட்டு வீட்டில் முகப்பிலிருந்து இரண்டாம் கட்டுக்குப் போவதற்குள் எத்தனை நிலைப்படி தாண்ட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். கீழ்ப்பார்வை இல்லாதவருக்கு அது ஒவ்வொன்றும் இடறுகல். அதைக் கவனக்குறைவு என்று ஆத்தா நினைத்ததில் தப்பே கிடையாது, பக்கத்தில் இருக்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். 'நரம்பு வற்றிவிட்டது' என்று பிறகு சொன்னார்களே, அது பெரும்பாலும் இதே நோயாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இது உங்கள் வீட்டுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. அரவிந்த் கண் மருத்துவமனை மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 5150 பேரைப் பரிசோதித்த ஆய்வு 2003இல் வெளியானது. 100க்கு 2.6 பேருக்குக் கிளாக்கோமா இருந்தது. அதில் அதிகம் காணப்பட்டது, உங்களுக்கு வந்திருப்பதுபோல, நீர் வடியும் அந்தச் சல்லடை இருக்கும் மூலை, அதாவது கோணம், திறந்தே இருக்கும் வகை. அந்த வகை இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல், தங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே அன்றுவரை தெரியாது. சென்னையில் நடந்த ஆய்விலும் கிட்டத்தட்ட இதே கதைதான். முகாமில் உங்கள் கண்ணில் பிரஷர் பார்த்தார்களே, அந்த ஒரு நிமிடத்துக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன்.

அழுத்தத்தைக் குறைத்தால் உண்மையிலேயே பலன் உண்டா? நியாயமான கேள்வி. ரொம்ப காலம் மருத்துவர்களே இதை நம்பிக்கையின் பேரில்தான் செய்தார்கள். சுவீடனில் புதிதாக நோய் கண்ட 255 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு உடனே வைத்தியம் செய்து, மறு பிரிவைக் கண்காணிப்பில் மட்டும் வைத்துப் பார்த்தார்கள். சுமார் 6 வருடத்தில், வைத்தியம் இல்லாதவர்களில் 100க்கு 62 பேருக்கு நோய் முற்றியது, வைத்தியம் எடுத்தவர்களில் 45 பேருக்கு. அழுத்தம் ஒவ்வொரு புள்ளி குறையும்போதும் நோய் முற்றும் அபாயம் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவதாகக் கணக்கு வந்தது. பிறகு இங்கிலாந்தில் 516 பேருக்கு, உங்களுக்கு எழுதியிருக்கிற அதே லேட்டனோப்ராஸ்ட் சொட்டையும் மருந்தில்லாத வெறும் சொட்டையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2015இல் வந்த முடிவு: இரண்டே வருடத்தில் வெறும் சொட்டு போட்டவர்களில் 25.6 சதவீதம் பேருக்குப் பார்வைப் பரப்பு குறைந்தது, மருந்து போட்டவர்களில் 15.2 சதவீதம். மருந்து போட்டும் சிலருக்கு முற்றுகிறது என்பதையும் இந்த எண்களில் பாருங்கள். அதனால்தான் சொட்டைப் போட்டுவிட்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது, தவணை தவறாமல் காட்ட வேண்டும்.

லேசர் விஷயத்தில் உங்கள் மகன் சொன்னது சரி. அவர் படித்தது அநேகமாக 2019இல் வெளியான இங்கிலாந்து ஆய்வாக இருக்கும். 718 பேர். பாதிப் பேருக்கு முதலில் சொட்டு, பாதிப் பேருக்கு முதலில் லேசர். 3 வருடம் கழித்துப் பார்த்தால், லேசர் செய்தவர்களில் நான்கில் மூன்று பேருக்குச் சொட்டே இல்லாமல் அழுத்தம் கட்டுக்குள் இருந்தது. அந்த 3 வருடத்தில் ஆபரேஷன் வரை போனவர்கள் சொட்டுப் பிரிவில் 11 பேர், லேசர் பிரிவில் ஒருவரும் இல்லை. வெள்ளைக்காரர் கண்ணுக்குச் சரி, நம் கறுப்புக் கண்ணுக்கு என்ன என்று கேட்பீர்கள். தான்சானியாவில், மருந்து வாங்குவதும் ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைவதும் நம்மைவிடக் கஷ்டமான இடத்தில், லேசரையும் டைமலால் சொட்டையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருடத்தில் லேசர் பலன் தந்தது 61 சதவீதம், சொட்டு 31. இது 2021இல் வந்தது.

உங்கள் ரிப்போர்ட்டில் கோணம் திறந்திருக்கிறது என்று இருப்பதால், அந்தச் சல்லடையில் ஒளி பாய்ச்சுகிற இந்த லேசர் உங்களுக்கு ஒத்துவரும். கத்தி கிடையாது. கண்ணை மரக்கச் செய்து, முகவாயை ஒரு தாங்கியில் வைத்து, ஒரு லென்ஸை கண்ணில் வைத்து, ஐந்து பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். அன்றைக்கு மாலையே வீட்டுக்கு வந்துவிடலாம், ஓரிரு நாள் லேசாகக் கூசும். இதன் பலன் வருடப்போக்கில் தேயக்கூடியது, தேவைப்பட்டால் திரும்பச் செய்வார்கள். என்னைக் கேட்டால், தனியாக இருக்கிற, வீசிங் உள்ள 61 வயது ஆச்சிக்கு லேசரைத்தான் முதலில் சொல்லுவேன். உங்களைப் பார்த்த மருத்துவர் சொட்டு என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், தயங்காமல் கேளுங்கள். லேசருக்குத் தேதி கிடைக்க நாளானால், அதுவரை சொட்டு போட்டுக்கொண்டே இருங்கள்.

அப்புறம், அந்த வீசிங். இதை மருத்துவரிடம் சொன்னீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. லேட்டனோப்ராஸ்ட்டால் பொதுவாகப் பிரச்சினை வராது. ஆனால் சில மாதத்தில் அது போதவில்லை என்று டைமலால் என்ற சொட்டைச் சேர்ப்பது சர்வசாதாரணம். சில பாட்டில்களில் இரண்டும் கலந்தே வரும். கண்ணில் போடுகிற டைமலால் மூக்கு வழியாக இறங்கி ரத்தத்தில் கலந்து, மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும், நாடித் துடிப்பையும் குறைக்கும். வீசிங் உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது. ஃபைலின் முன்பக்கத்தில் 'வீசிங் உண்டு' என்று சிவப்பு மையில் எழுதி வைத்துவிடுங்கள். வேறொரு மருத்துவர் பார்க்கும் நாளில் அதுதான் உங்களைக் காப்பாற்றும்.

மெடிக்கலில் வாங்கிப் போடும் அரிப்புச் சொட்டைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சற்றுப் பதறியது. அந்த பாட்டிலை எடுத்து, பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசலோன், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இவை ஸ்டீராய்டு. அரிப்பு ஒரே நாளில் அடங்கிவிடும், அதனால்தான் எல்லாருக்கும் பிடிக்கிறது. வாரக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும். குடும்பத்தில் கிளாக்கோமா உள்ளவர்களுக்கு இன்னும் அதிகமாக ஏறும். உங்கள் 26இல் அந்த பாட்டிலுக்கு ஒரு பங்கு இருக்கலாம். அடுத்த தடவை போகும்போது பாட்டிலோடு போய்க் காட்டுங்கள். எவ்வளவு நாளாக, வருடத்தில் எத்தனை தடவை போட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அரிப்புக்கு ஸ்டீராய்டு இல்லாத சொட்டுகள் இருக்கின்றன, அவர்களே எழுதித் தருவார்கள்.

சொட்டு போடும் முறையையும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. பட்டாலையில் மல்லாந்து படுத்துக்கொண்டு கீழ் இமையை இழுத்தால் ஒரு சின்னப் பை மாதிரி வரும், அதில் ஒரே ஒரு சொட்டு. கண்ணில் நிற்கக்கூடிய அளவு ஒரு முழுச் சொட்டைவிடக் குறைவு, அதனால் இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான் போகும். பிறகு கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். மருந்து மூக்கில் இறங்காமல் கண்ணிலேயே நிற்கும். இரவு ஒரு வேளை போதும். லேட்டனோப்ராஸ்ட் வெயில் தாங்காத மருந்து. பெரும்பாலான பாட்டில்களைத் திறக்கும்வரை பிரிட்ஜில் வைக்கச் சொல்லியிருப்பார்கள். திறந்தபின் 25 டிகிரிக்கு உட்பட்டால் வெளியே வைக்கலாம் என்பார்கள், காரைக்குடிப் பக்கத்துச் சித்திரை வெயிலில் அதற்கு வழியேது? திறந்த பாட்டிலும் பிரிட்ஜ் கதவிலேயே இருக்கட்டும். கண் சற்றுச் சிவக்கும், இமை முடி நீளமாக வளரும், கண்ணைச் சுற்றித் தோல் கறுக்கும். இவற்றைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

நிறுத்துவது என்றதும் தேவகோட்டையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். எட்டு மாதம் ஒழுங்காகப் போட்டார். 'ஒரு வித்தியாசமும் தெரியலையே' என்று விட்டுவிட்டார். வித்தியாசம் தெரியாமல் இருப்பதுதான் அந்த மருந்தின் வேலை என்பதை நான் அவருக்கு அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். மூன்று வருடம் கழித்து வந்தபோது ஒரு கண்ணால் என் விரல்களை மட்டும்தான் எண்ண முடிந்தது. அன்றிலிருந்து முதல் நாளிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன்: பார்வை கூடிவிடாது ஆச்சி, இருப்பது நிற்கும்.

இனி மகன் அனுப்பிய மற்ற இரண்டும். வைட்டமின் பி3 பொய்யில்லை. 2017இல் அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்று, நிக்கோட்டினமைடு என்ற பி3 வகையைக் கொடுத்த எலிகளுக்குக் கிளாக்கோமாவிலிருந்து நரம்பு காக்கப்படுவதைக் காட்டியது. 2020இல் மெல்போர்னில் சிறிய அளவில் மனிதர்களுக்குக் கொடுத்தபோது விழித்திரையின் மின்செயல்பாடு சிலருக்குச் சற்று மேம்பட்டது. அது உண்மையிலேயே பார்வையைக் காக்குமா என்று பார்க்கப் பெரிய ஆய்வுகளைத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் கொடுக்கிற அளவு ஒரு நாளைக்கு 3 கிராம் வரை. கடையில் கிடைக்கும் சத்து மாத்திரையில் இருப்பதைப்போலப் பல மடங்கு, ஈரலைப் பாதிக்கக்கூடிய அளவு. வீட்டில் தானாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்கு இந்த ஆராய்ச்சியில் நிஜமான நம்பிக்கை இருக்கிறது. ஏனென்றால் இதுவரை நம்மிடம் இருப்பதெல்லாம் அழுத்தத்தைக் குறைக்கிற வழி மட்டும்தான், நரம்பையே நேராகக் காக்கிற மருந்து ஒன்றுகூடக் கிடையாது.

போன நரம்பை மீண்டும் வளர்ப்பது அதைவிடத் தூரத்தில் இருக்கிறது. 2020இல் ஹார்வர்டில் மூன்று மரபணுக்களைச் செலுத்தி, எலிகளின் கண் நரம்புச் செல்களை இளமையாக்கி, கிளாக்கோமாவால் குறைந்த பார்வையைக் கொஞ்சம் மீட்டார்கள். படித்தபோது எனக்கே மெய் சிலிர்த்தது. ஆனால் எலியின் கண்ணிலிருந்து கானாடுகாத்தானுக்கு வர இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது. அதற்குள் 'ஸ்டெம் செல் ஊசி போட்டுப் பார்வை வரவைக்கிறோம்' என்று யாராவது பணம் கேட்டால் கிட்டேயே போகாதீர்கள். அமெரிக்காவில் விழித்திரை நோய்க்கு அப்படி ஊசி போட்டுக்கொண்ட மூன்று பெண்களுக்கு, இருந்த பார்வையும் போனது 2017இல் மருத்துவ இதழிலேயே பதிவாகியிருக்கிறது. அந்த மருந்துகள் ஒரு நாள் வரும்போது காப்பாற்றுவதற்கு உங்கள் நரம்பில் இழைகள் மிச்சம் இருக்க வேண்டும். இப்போது சொட்டும் லேசரும் செய்வது அதைத்தான்.

யோகா செய்தால் தாராளமாகச் செய்யுங்கள், சிரசாசனம் மட்டும் வேண்டாம். தலைகீழாக நிற்கும்போது கண் அழுத்தம் இரண்டு மடங்காவதைச் சென்னையில் அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

கடைசியாக நீங்கள் கேட்காத ஒன்று. உங்களோடு பிறந்தவர்கள் எத்தனை பேர்? இந்த நோய் உள்ளவர்களின் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆயுளில் இது வரும் வாய்ப்பு 22 சதவீதம் என்றும், மற்றவர்களுக்கு 2.3 என்றும் நெதர்லாந்தில் ரோட்டர்டாம் நகரத்து ஆய்வு ஒன்று 1998இல் கணக்கிட்டது. அப்பச்சிக்கும் உங்களுக்கும் இருக்கிறது என்றால் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லாரும் பார்த்தே ஆக வேண்டும். பிரஷர் மட்டும் பார்த்து அனுப்பிவிட்டால் போதாது. பிரஷர் சரியாக இருந்தும் நரம்பு தேய்கிற வகை உண்டு. கண்மணியை விரிக்கும் சொட்டு போட்டு நரம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். அன்றைக்கு நாலைந்து மணி நேரம் வெளிச்சம் கூசும், அதனால் ஸ்கூட்டரில் போக வேண்டாம், கூட ஒருவர் வரட்டும். உங்கள் மகனுக்கு நாற்பது ஆகிவிட்டதென்றால் அவர் சிங்கப்பூரிலேயே பார்த்துக்கொள்ளட்டும். தை மாதம் வரும்போது அந்த ரிப்போர்ட்டை அவர் உங்களுக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.